துறைமுகத்தின் அருகே ஒரு பட்டப்படிப்பு: வணிக நிர்வாகவியலும் வடசென்னையும்

தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் வணிகத்தை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு எனக் கடற்கரை நெடுகிலும் மரக்காயர்களின் கப்பல்களும் பண்டகசாலைகளும் இருந்தன. இன்றும் மண்ணடியின் கடைத்தெருக்களிலும் பெரியமேட்டின் தோல் மண்டிகளிலும் அம்மரபின் தொடர்ச்சியைக் காண்கிறோம். ஆயினும் இம்மரபு தலைமுறை தலைமுறையாகக் கடையில் கற்கப்பட்டதே தவிர, வகுப்பறையில் கற்கப்பட்டதன்று. தந்தையின் அருகில் அமர்ந்து பேரேடு எழுதப் பழகிய மகனுக்கு வணிகத்தைக் கற்பிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தேவை என்று அன்று யாரும் எண்ணவில்லை.

இன்று நிலைமை வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு மே மாதமும் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் இல்லங்களில் எழும் வினாக்களுள் ஒன்று: ‘பி.பி.ஏ. படித்தால் என்ன பயன்?’ பி.காம். கிடைக்காதவர்கள் சேரும் இடம் என்றும், எம்.பி.ஏ. படிப்பதற்கான முன்னறை என்றும், கடை வைப்பதற்குப் பட்டம் எதற்கு என்றும் மூவகை விடைகள் உலவுகின்றன. இம்மூன்றும் இப்பட்டத்தின் உள்ளடக்கத்தை அறியாமல் கூறப்படுபவை. ஆகவே வணிக நிர்வாகவியல் என்பது யாது, அது எதைக் கற்பிக்கிறது, துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் அருகில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதியின் மாணவருக்கு அது எவ்வாறு பொருள்படுகிறது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

பட்டம் பிறந்த கதை

வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் முயற்சி 1881இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி நிறுவப்பட்டதிலிருந்து தெளிவான வடிவம் பெறுகிறது. அதே 1881ஆம் ஆண்டு நவம்பரில்தான் சென்னையில் புதிதாக எழுப்பப்பட்டுவந்த துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் புயலில் சிதைந்தன. ஐந்தாண்டுகள் கழித்து, 1886இல், பச்சையப்பன் அறநிலையத்தார் சென்னையில் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினர். இந்தியாவில் முறைசார்ந்த வணிகக் கல்வியின் தொடக்கம் இதுவே எனக் கல்வி வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அரசு அலுவலகங்களுக்கும் ஆங்கிலேயக் கம்பெனிகளுக்கும் தட்டெழுத்தும் கணக்கும் அறிந்த எழுத்தர்களை உருவாக்குவதே அன்றைய நோக்கம்.

அதன்பின் 1913இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி தோன்றியது. 1953இல் கல்கத்தாவில் சமூகநல, வணிக மேலாண்மை நிறுவனமும், 1961இல் கல்கத்தா, அகமதாபாத் ஆகிய இரு நகரங்களிலும் இந்திய மேலாண்மைக் கழகங்களும் எழுந்தன. அதாவது, இந்தியாவில் நிர்வாகவியல் முதலில் முதுகலைக் கல்வியாகவே வேரூன்றியது. இளங்கலையில் அது பரவலானது பின்னரே. சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் பி.காம்., நிறுமச் செயலாண்மை ஆகியவற்றோடு பி.பி.ஏ.வும் இன்று இயல்பான ஒரு பிரிவாகிவிட்டது. நம் சமூகத்தார் 1951இல் நிறுவிய இராயப்பேட்டைப் புதுக்கல்லூரியிலும், அதே ஆண்டு திருச்சியில் தோன்றிய ஜமால் முகம்மது கல்லூரியிலும் இப்பிரிவு உண்டு. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஒப்புதல் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டுள்ளது. எனவே சேரும் முன் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்போடு இவ்வொப்புதலும் உள்ளதா எனப் பெற்றோர் கேட்டறிவது நலம்.

பி.காம். படிப்பிற்கும் பி.பி.ஏ. படிப்பிற்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். வணிகவியல் நடந்ததைத் துல்லியமாகப் பதிவு செய்யவும் சரிபார்க்கவும் கற்பிக்கிறது; கணக்கியல், தணிக்கை, வரி ஆகியவை அதன் முதுகெலும்பு. நிர்வாகவியல் அப்பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என முடிவெடுக்கக் கற்பிக்கிறது. பட்டயக் கணக்காளராக விழையும் மாணவருக்கு முன்னதே பொருத்தம். ஒரு நிறுவனத்தை நடத்தவோ, அதன் ஒரு பிரிவைப் பொறுப்பேற்கவோ, சொந்தத் தொழிலைப் பெருக்கவோ விழைபவருக்குப் பின்னது பொருந்தும். நிர்வாகக் கோட்பாடுகள், கணக்கியல், புள்ளியியல், சந்தையியல், மனிதவள மேலாண்மை, நிதி மேலாண்மை, வணிகச் சட்டம், செயலாய்வியல், தொழில்முனைவு என்பன மூன்றாண்டுகளில் பயிலப்படும் முக்கியப் பாடங்கள். இவற்றுள் சிலவற்றை வடசென்னையின் நிலப்பரப்பிலேயே வைத்து விளக்க முடியும்.

லாரி வரிசையில் ஒரு கணக்கு

சென்னைத் துறைமுகத்தில் 1983இல் சரக்குப் பெட்டகங்களுக்கெனத் தனி முனையம் தொடங்கப்பட்டது. நகரின் மடியில் அமைந்த துறைமுகம் ஆதலின் பெட்டக லாரிகள் திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளில் நெடுந்தொலைவு காத்து நிற்பது இப்பகுதியினர் நன்கறிந்த காட்சி. ‘வாயிலில் ஒரு மணிக்கு அறுபது லாரிகளை அனுப்ப முடியுமென்றால், ஐம்பத்தொன்பது லாரிகள் வரும்போது ஏன் நெரிசல்?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கான விடையைச் செயலாய்வியலின் வரிசைக் கோட்பாடு தருகிறது.

ஒரு வாயில் மணிக்குச் சராசரியாக 60 லாரிகளைச் சோதித்து அனுப்ப வல்லது எனக் கொள்வோம். லாரிகள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. சிலபோது ஐந்து சேர்ந்து வரும், சிலபோது ஒன்றும் வராது. ஒவ்வொரு லாரியையும் சோதிக்கும் நேரமும் ஒன்றுபோல் இராது. இவ்வொழுங்கின்மையைக் கணக்கில் கொள்ளும் எளிய சூத்திரத்தின்படி, மணிக்கு 50 லாரிகள் வந்தால் ஒரு லாரி வாயிலில் செலவிடும் சராசரி நேரம் 6 நிமிடம். வாயிலில் நிற்பவை சராசரியாக 5. மணிக்கு 55 வந்தால் நேரம் 12 நிமிடம், நிற்பவை 11. 59 வந்தாலோ நேரம் ஒரு மணியாகிறது. நிற்பவையும் 59 ஆகின்றன. வரத்து 55இலிருந்து 59 ஆக, நான்கே லாரிகள் கூடியதற்குக் காத்திருப்பு ஐந்து மடங்காகிவிட்டது.

இக்கணக்கு உணர்த்தும் பாடம் மிக முக்கியமானது. எந்த அமைப்பையும் அதன் முழுத் திறனுக்கு நெருக்கமாக இயக்கினால் சிறு அதிகரிப்பும் பெருநெரிசலாக வெடிக்கும். ஆகவே தீர்வு சாலையை அகலப்படுத்துவதில் மட்டும் இல்லை. லாரிகளுக்கு நேரம் ஒதுக்கி வரத்தைச் சீராக்குவதிலும், ஆவணச் சோதனையை வாயிலுக்கு வருமுன்பே முடிப்பதிலும் உள்ளது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை அமைக்க 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2012இல் பணி நின்று, 2022இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்ட வரலாற்றை எண்ணிப் பார்த்தால், கட்டுமானத்திற்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் நிர்வாகம் செய்யக்கூடியது எவ்வளவு என்பது புலப்படும். ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கும் வங்கியின் கவுன்ட்டருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

பலூனிலிருந்து டயர் வரை

சந்தையியலையும் தொழில்முனைவையும் கற்பிக்க அமெரிக்க நிறுவனங்களின் கதைகளையே பாடநூல்கள் பெரிதும் நாடுகின்றன. ஆனால் 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் அத்தொழில் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் டிரெட் ரப்பருக்கு மாறியது. 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் டயர் உற்பத்திக்கு வளர்ந்தது. எம்.ஆர்.எஃப். என்ற பெயரை இன்று அறியாதவர் இலர். இப்பதினைந்தாண்டு வரலாற்றில் ஒரு மாணவர் காண வேண்டியது செல்வம் குவிந்த வியப்பை அன்று. ஒரே மூலப்பொருளை விடாமல் பற்றிக்கொண்டு, அதைக் கையாளும் திறனை வளர்த்து, வாங்குவோர் யார் என்பதை இருமுறை மாற்றிக்கொண்ட முடிவைத்தான். பலூனை வாங்குபவர் குழந்தையின் தந்தை. டிரெட் ரப்பரை வாங்குபவர் டயர் புதுப்பிக்கும் பட்டறைக்காரர். டயரை வாங்குபவர் வண்டி உரிமையாளர். பொருள் மாறும்போது விற்பனை முறையும் கடன் தவணையும் விளம்பரமும் மாறியாக வேண்டும்.

1949இல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆகிக் கனரக வண்டிகளுக்குத் திரும்பியதும், அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை உருவாகிப் பின்னாளில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்தபின்னும் புல்லட் வண்டியை உயிரோடு காத்ததும் இத்தகைய பாடங்களே. இவ்வாலைகளின் மதிற்சுவரைக் கடந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு இவை வகுப்பில் சொல்லப்படாமல் போவது பேரிழப்பு.

மனிதவள மேலாண்மைக்கும் இதே நிலம் சான்று தருகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரின் பின்னி ஆலைத் தொழிலாளரை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் அதுவே எனப் போற்றப்படுகிறது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றனர். தொழிலாளரை ‘வளம்’ என்று குறிக்கும் பாடநூலைப் படிக்கும் மாணவர், அவ்வளத்திற்குப் பசியும் மானமும் குரலும் உண்டு என்பதை அச்சங்கத்தின் வரலாற்றிலிருந்து கற்க வேண்டும்.

சொற்களில் உறையும் வணிகம்

நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தியை இவ்விடத்தில் குறிப்பிடுவது பொருத்தம். வணிகச் சட்டப் பாடத்தில் கப்பல் காப்பீடு பற்றிய பகுதி வரும். புயலில் சிக்கிய கப்பலைக் காக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்நட்டத்தைக் கப்பலுக்குரியவரும் ஏனைய சரக்குகளுக்குரியோரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது பழமையான கடல்சார் விதி. இதற்கு ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்று பெயர். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் தரைதட்டியபின் அதன் உரிமையாளர்கள் இவ்விதியையே அறிவித்தனர். இங்குள்ள ‘ஆவரேஜ்’ என்னும் சொல், சேதமுற்ற சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல்லடியிலிருந்து இத்தாலியத் துறைமுகங்கள் வழியே ஐரோப்பாவை அடைந்ததாக மொழியியலாளர் விளக்குவர். சுங்கக் கட்டணப் பட்டியலைச் சுட்டும் ‘டாரிஃப்’ அரபு ‘தஃரீஃபா’விலிருந்து வந்தது. தமிழ்க் கடைக்காரர் அன்றாடம் எழுதும் அசல், பாக்கி, வசூல், ஜாமீன் ஆகியவை அரபு வேர் கொண்டவை. ரசீதும் குமாஸ்தாவும் பாரசீகம் தந்தவை.

முதலீடு ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என அமையும் முளாரபா ஒப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் விரிவாக ஆராய்ந்துள்ளன. ஒருவர் 10 இலட்சம் தர, மற்றவர் வணிகம் செய்து 2 இலட்சம் ஈட்டினார் எனவும், 60க்கு 40 என்பது உடன்பாடு எனவும் கொண்டால், முதலாளிக்கு 1,20,000, உழைத்தவருக்கு 80,000 சேரும். நட்டமானால், உழைத்தவரின் கவனக்குறைவோ மீறலோ இல்லாதவரை, பண இழப்பு முதலுக்குரியவரைச் சாரும். மற்றவர் தம் உழைப்பை இழப்பார். அதே 10 இலட்சத்தை 12 விழுக்காடு வட்டிக்கு வாங்கியிருந்தால், இலாபமோ நட்டமோ, 1,20,000 கட்டியே தீர வேண்டும். நிதி மேலாண்மைப் பாடம் வட்டியை அடிப்படையாகக் கொண்டதாயிற்றே என்று தயங்கும் பெற்றோர் உளர். வட்டிக் கணக்கை முற்றக் கற்றவரே இவ்விரு ஒப்பந்தங்களிலும் இடர் யார் தோளில் விழுகிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்ட வல்லவர். அறியாமையால் விலகி நிற்பதைக் காட்டிலும் அறிந்து தெளிந்து தேர்வதே மேலானது.

இலாபக் கணக்கில் வராத செலவு

இப்பட்டத்தின் மிகக் கடினமான பாடம் எண்ணூரின் முகத்துவாரத்தில் காத்திருக்கிறது. 2001இல் திறக்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரியைக் கையாளும் பொருட்டே தோன்றியது. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசு சுற்றுப்புறக் குடியிருப்புகளை வாட்டியமையால் 2011இல் உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி அங்கு நிலக்கரி கையாள்வது நின்று, அச்சரக்கு எண்ணூருக்குச் சென்றது. நகரின் ஒரு பகுதியினருக்குக் கிடைத்த மூச்சு, வடக்கே வாழ்பவர்களுக்கு மற்றொரு சுமையாயிற்று.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது கரையோரப் படலத்தைத் தொண்டர்களும் மீனவரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மீனவரின் வலையும் இறாலும் எந்த ஆலையின் செலவுக் கணக்கிலும் பற்று எழுதப்படுவதில்லை. இதனைப் பொருளியலார் புறச்செலவு என்பர்: ஆதாயம் ஒருவருக்கு, செலவு வேறொருவருக்கு.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றிய பாடம் பெரும்பாலும் மரம் நடுவதோடும் நன்கொடை வழங்குவதோடும் முடிந்துவிடுகிறது. ஆனால் பதினோராம் நூற்றாண்டில் மறைந்த அல்மாவர்தி, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளை விவரிக்கையில், கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றுவதையும் கடுங்காற்றில் கப்பல் செலுத்துவதையும் தடுப்பது அவர் பொறுப்பு எனக் கூறுகிறார். தீங்கு நிகழ்ந்தபின் இழப்பீடு தருவதோடு நில்லாமல், நிகழுமுன் தடுப்பதே நிர்வாகத்தின் இலக்கணம் என்பது இதன் உட்பொருள். குழாயின் பராமரிப்புச் செலவை இவ்வாண்டு குறைத்தால் இலாபம் கூடும் என்னும் அறிக்கை தம் மேசைக்கு வரும்போது, கையொப்பமிடும் முன் கழிமுகத்தை நினைக்கும் நிர்வாகியை உருவாக்குவதே இப்பாடத்தின் வெற்றி.

மாணவரும் பெற்றோரும் கருத வேண்டியவை

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, இருபது வயதைக் கடந்தோரில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் நாட்டளவில் ஏறத்தாழ 7 விழுக்காடு எனவும், முஸ்லிம்களிடையே 4 விழுக்காட்டிற்கும் குறைவு எனவும் சுட்டியது. தமிழகத்தில் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டபின் கல்லூரி வாயில்கள் சற்று அகன்றன. ஆனால் வாயிலினுள் நுழைவது ஒன்று; உள்ளே கற்பது வேறொன்று.

முதல் தடை மொழி. தமிழ்வழியில் பயின்று வருபவர் ஆங்கிலப் பாடநூலை மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்துவிடுகிறார். லாரி வரிசையைத் தமிழில் விளங்கிக்கொண்டவருக்கு அதன் ஆங்கிலச் சூத்திரம் அச்சமூட்டாது. எனவே கருத்தைத் தாய்மொழியிலும் கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியரே இன்றைய தேவை. இரண்டாவது தடை, இறுதியாண்டு ஆய்வேட்டை விலைக்கு வாங்கி ஒப்படைக்கும் வழக்கம். காசிமேட்டு மீன் ஏலத்தில் விலை எவ்வாறு அமைகிறது, மண்ணடியின் மொத்தக் கடையில் சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது, ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் ஓர் ஆவணம் எத்தனை கைகள் மாறுகிறது என்பவற்றுள் ஒன்றை நேரில் சென்று இரண்டு மாதம் ஆராய்ந்தவர், மூன்றாண்டுப் படிப்பின் சாரத்தைப் பெற்றுவிடுவார். சுங்க முகவர் உரிமம் பெறுவதற்குப் பட்டம், துறை அனுபவம், எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு ஆகியவை தேவைப்படுவதால், துறைமுகப் பகுதி மாணவருக்கு இது நேரடி வாழ்வுவழியாகவும் அமையக்கூடும்.

மூன்றாவது தடை நம் இல்லங்களில் உள்ளது. கடைக்கு ஆள் தேவை என்று இரண்டாமாண்டிலேயே மகனை நிறுத்துவதும், மேலாண்மை ஆண்களுக்கானது என்று மகளைத் திருப்புவதும் இன்னும் மறையவில்லை. வணிகக் கேரவன்களுக்கு முதலிட்டு, நம்பத்தகுந்தவரைத் தேர்ந்து அனுப்பிய கதீஜா நாயகியாரின் வரலாற்றை மேடைதோறும் கேட்கும் சமூகம், பெண் நிர்வாகம் பயில்வதைக் கண்டு வியப்பது பொருந்தாது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்க வகை செய்தன. பயணச் செலவு என்னும் காரணத்தின் கனத்தை இவை குறைத்திருக்கின்றன.

இறுதியாக, இப்பட்டத்தை வேலைக்கான அனுமதிச் சீட்டாக மட்டும் கருதிச் சேர்பவர் ஏமாற்றமடையக்கூடும். அது மருத்துவம்போல் ஒரு தொழிலுக்கு உரிமம் தருவதன்று. முடிவெடுக்கும் பழக்கத்தைத் தருவது. அப்பழக்கம் கைவருவது மாணவர் எதை எவ்வளவு கூர்ந்து நோக்குகிறார் என்பதைப் பொறுத்தது. 1856இல் தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரமும், பலூன் கொட்டகை டயர் ஆலையான திருவொற்றியூரும், வளர்ச்சியின் விலையைத் தன் நீரில் சுமக்கும் எண்ணூரும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடக்கூடிய தொலைவில் உள்ளன. சரக்கு ஏற்றும் தோள்களை இப்பகுதி தலைமுறைகளாகத் துறைமுகத்திற்குத் தந்து வந்துள்ளது. அச்சரக்கு எப்போது, எங்கே, யாருக்குத் தீங்கின்றிச் செல்ல வேண்டும் என முடிவு செய்யும் மேசையிலும் இப்பகுதியின் பிள்ளைகள் அமர வேண்டும். வணிக நிர்வாகவியல் கல்வியின் பயனை நாம் அளக்க வேண்டிய அளவுகோல் அதுவே.